முள்ளுக்கும் பள்ளத்துக்கும் நடுவே

(சென்னையில் இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களின் மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, இசைத்தட்டைச் சுத்தம் செய்வதும் அதற்கு மசகு போடுவதும். தலைப்பிலேயே ஒரு வரிசை இருக்கிறது. முதலில் சுத்தம், பிறகு மசகு. நான் சொல்ல வந்ததும் அந்த வரிசையைத்தான். அதை மாற்றிச் செய்து கெட்டுப்போன தட்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன். சுத்தம் செய்துவிட்டால் மசகு தேவையா என்ற கேள்வியும் இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

முதலில் தட்டின் மேல் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். 12 அங்குல எல்.பி. தட்டில் ஒரு பக்கம் 22 நிமிடம் ஓடுகிறது என்றால், அந்த நேரத்தில் தட்டு 730 சுற்றுக்கும் மேல் சுற்றுகிறது. முள் நடந்துபோகும் பாதையை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ அரை கிலோமீட்டர். அந்தப் பாதையின் அகலமோ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். குறுக்கே வெட்டினால் பள்ளம் 'வி' வடிவத்தில் இருக்கும். முள்ளின் நுனி அடியைத் தொடாது. இரண்டு பக்கச் சுவர்களிலும் தோள் சாய்த்து நிற்கும். பாட்டு அந்தச் சுவர்களில்தான் எழுதியிருக்கிறது. மெல்லிய ஒலிகளின் வளைவுகள் ஒரு மைக்ரானுக்கும் குறைவானவை.

முள்ளின் மேல் நாம் வைக்கும் எடை 2 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் அந்த 2 கிராமும் இறங்குகிற இடம் கண்ணுக்கே தெரியாத இரண்டு புள்ளிகள். சதுர சென்டிமீட்டருக்குக் கணக்கிட்டால் ஆயிரம் கிலோவைத் தாண்டிவிடுகிறது. இவ்வளவு அழுத்தத்தில் வினைல் ஏன் நசுங்கிப்போகவில்லை? அது வளைந்துகொடுக்கிற பொருள். முள் வரும்போது உள்வாங்கி, போனதும் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. நல்ல நிலையில் உள்ள வைர முள், சுத்தமான தட்டு, சரியான எடை, இந்த மூன்றும் இருந்தால் ஒரு எல்.பி.யை நூற்றுக்கணக்கான முறை கேட்டாலும் காதுக்குத் தெரிகிற தேய்மானம் வராது.

இந்தக் கணக்கைக் குலைப்பது தூசி. நம் தெருப் புழுதியில் மணல் பொடி இருக்கிறது. மணல் என்பது குவார்ட்ஸ். சாதாரண எஃகைவிடக் கடினமானது. அதில் ஒரு துகள் பள்ளத்தில் கிடக்கும்போது வைர முள் அதன் மேல் ஏறுகிறது. வைரம் உடையாது, குவார்ட்ஸும் எளிதில் உடையாது. மிச்சம் இருப்பது வினைல் சுவர்தான். துகள் சுவருக்குள் அமுங்கிக் குழி போடுகிறது. சில நேரம் அங்கேயே பதிந்தும்விடுகிறது. அடுத்த முறை கேட்கும்போது 'டிக்' என்று ஒலிக்கிறது. இனி அதை எந்தத் தண்ணீராலும் கழுவ முடியாது. ஆகவே ஒரே தூசி இரண்டு விதமாகச் சத்தம் போடுகிறது: அது கிடக்கிற வரை ஒரு சத்தம், அது போன பிறகு அதன் தழும்பு போடுகிற சத்தம். முதலாவது கழுவினால் போய்விடும், இரண்டாவது போகாது. அழுக்கோடு ஒரு முறை கேட்டுவிட்டு அப்புறம் கழுவிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் முதல் வகையை இரண்டாம் வகையாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

காதால் கேட்டே இவற்றைப் பிரித்துவிடலாம். ஒரே மாதிரியான 'டிக்' சீரான இடைவெளியில் வருகிறதா? கடிகாரத்தைப் பாருங்கள். 33⅓ வேகத் தட்டு ஒரு சுற்று சுற்ற 1.8 வினாடி ஆகும். 1.8 வினாடிக்கு ஒரு முறை வந்தால் அது குறுக்குக் கீறல், கழுவிப் பயனில்லை. அங்கும் இங்குமாகச் சடசடவென்று பொரிகிறதா, ஒவ்வொரு முறை கேட்கும்போதும் இடம் மாறுகிறதா? அது தூசியும் நிலைமின்சாரமும். அதைப் போக்கலாம். மூன்றாவது ஒன்று உண்டு. பாட்டு மெல்லப் போகும்போது தெளிவாக இருக்கும். குரல் மேலே ஏறியதும், நாகஸ்வரம் உரத்ததும், 'ஸ' வருகிற இடங்களிலும் கரகரக்கும். லேபிளை நெருங்க நெருங்க அதிகமாகும். அதுதான் தேய்மானம். லேபிள் பக்கத்தில் அதிகமாவதற்குக் காரணம் இருக்கிறது. விளிம்பில் பள்ளம் முள்ளுக்கு அடியில் வினாடிக்கு 50 சென்டிமீட்டருக்கு மேல் ஓடுகிறது. உள்ளே வரும்போது அது 20 சென்டிமீட்டரைத் தொட்டுவிடுகிறது. அதே ஸ்வரத்தை அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது. நெருக்கமான எழுத்துதான் முதலில் அழியும்.

ஓர் உதாரணம் காட்டுகிறேன். எம்.எஸ். அம்மாவின் வெங்கடேச சுப்ரபாதம் எல்.பி. 1963இல் வந்தது. என் கையில் அதே தட்டின் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. இந்தப் பிரதி விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடிபோல் மின்னுகிறது. அன்றாடம் விடியற்காலையில் போட்டுக் கேட்ட வீட்டிலிருந்து வந்தது. துணியால் பத்திரமாகத் துடைத்தும் வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டாவது, வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூத்து, பார்க்கவே தொடத் தோன்றாமல் இருந்த தட்டு. உறையோடு பரணில் கிடந்தது. யாரும் அதிகம் கேட்டதில்லை. கழுவிய பிறகு இது பாடுகிறது; முதலாவது கரகரக்கிறது. அதன் பள்ளச் சுவரில் மேல்ஸ்தாயி இருந்த இடத்தைத் தேய்ந்த முள் வருடக்கணக்கில் இழைத்துவிட்டது. பழைய தட்டு வாங்கப் போகிறவர்கள் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். அழுக்கைப் பார்த்து ஓடிவிடவும் வேண்டாம்.

78 வேகத் தட்டுகளை வேறாக வைத்துப் பேச வேண்டும். அவை வினைல் அல்ல. அரக்கும், கல்பொடியும், கரிப்பொடியும் கலந்து அழுத்தியவை. உலகத்துக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் போனது. கிராமபோன் கம்பெனி கல்கத்தாவின் சியால்டாவில் 1908இல் தொழிற்சாலை திறந்து, பிறகு டம்டமுக்கு மாறியது. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நமக்கு வந்து சேர்ந்தது இந்த அரக்கு வழியாகத்தான். அதில் கல்பொடி சேர்த்தது வேண்டுமென்றே. எஃகு முள்ளை அந்தப் பொடி முதல் சில சுற்றுகளிலேயே அரைத்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதற்கப்புறம் முள் பள்ளத்தில் பொருந்தி ஓடும். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்று விதி வைத்தார்கள், முள் டப்பாவை நூற்றுக்கணக்கில் விற்றார்கள். ஆனால் நம் கல்யாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் மைக் செட்காரர் ஒரே முள்ளை மாற்றாமல் இரவு முழுவதும் ஓட்டியிருப்பார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்தக் குழாய் ஒலிபெருக்கி வழியாகத்தான் பாதித் தமிழ்நாடு பாட்டுக் கேட்டது. ஆனாலும் சுந்தராம்பாளின் உச்சஸ்தாயி பல தட்டுகளில் கிழிந்து கேட்பதற்கு அந்த முள்ளும் ஒரு காரணம்.

அரக்குத் தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாராயம் கலந்த எதையும் அதன் அருகே கொண்டுபோகாதீர்கள். ஸ்பிரிட், சானிடைசர், கண்ணாடி துடைக்கும் திரவம், கடையில் வினைலுக்கென்று விற்கும் திரவங்கள் பலவற்றிலும் ஆல்கஹால் இருக்கிறது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். தச்சர்கள் பிரெஞ்சு பாலிஷ் போடுவது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான். ஒரு துடைப்பில் பாட்டு துணிக்கு வந்துவிடும். தண்ணீரில் ஊறவைப்பதும் கூடாது. கொலம்பியாவின் பழைய தட்டுகள் சிலவற்றில் நடுவே தாள் அடுக்கு இருக்கும். விளிம்பு வழியே ஈரம் இறங்கினால் உப்பிக்கொள்ளும். ஈரத் தூரிகை, ஒரு துடைப்பு, உடனே உலர்த்தல், அவ்வளவுதான். இன்னொரு வகையும் சிலரிடம் இருக்கலாம். நேரடியாகப் பதிவுசெய்த, உள்ளே அலுமினியத் தகடு இருக்கும் லாக்கர் தட்டு. அதில் வெள்ளையாகப் படிந்தால் அது பூசணம் அல்ல, பெரும்பாலும் தட்டுக்குள்ளிருந்தே கசிந்த கொழுப்பு அமிலம். அதில் நீங்கள் கைவைக்கவே வேண்டாம். ஆவணக் காப்பகத்தாரிடம் கொடுங்கள்.

வினைலுக்கு வருவோம். 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி.யைக் கொண்டுவந்தபோது அதன் பெரிய பெருமை அமைதி. கல்பொடி இல்லாததால் பின்னணி இரைச்சல் அடங்கியது. கூடவே ஒரு தொல்லையும் வந்தது. பி.வி.சி. உராய்ந்தால் நிலைமின்சாரம் ஏற்றிக்கொள்ளும். காகித உறையிலிருந்து தட்டைச் சரேலென்று உருவினால் போதும், அறையில் பறக்கிற தூசியெல்லாம் வந்து ஒட்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் இன்னும் ஏறும். துடைக்கத் துடைக்க ஏன் தூசி அதிகமாகிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் அதுதான். சென்னையின் கடற்காற்றில் ஈரம் இருப்பதால் நமக்கு இந்தத் தொல்லை சற்றுக் குறைவு, ஏ.சி. அறையில்தான் கூடுதல். ஆனால் அதே ஈரம் நமக்குப் பூசணத்தைக் கொடுக்கிறது. வினைல் பூசணத்துக்குச் சாப்பாடு அல்ல. நம் விரல் எண்ணெயும், உறையின் காகிதமும், பசையும், சமையலறைப் புகைப் படிவும்தான் அதற்குச் சாப்பாடு. உருப்பெருக்கியில் பார்த்தால் வெள்ளை இழைகள் பள்ளத்துக்குப் பள்ளம் தாவிப் படர்ந்திருப்பது தெரியும்.

தட்டைச் சுத்தம் செய்வது என்பதை ஒரு தொழிலாகவே செய்தவர் இங்கிலாந்தின் செசில் வாட்ஸ். தட்டுப் பதிவில் ஊறியவர். தட்டு ஓடும்போதே முள்ளுக்கு முன்னால் போய்த் தூசியைப் பெருக்கும் 'டஸ்ட் பக்' என்ற சிறு தூரிகைக் கையை 1950களில் கொண்டுவந்தார். பிறகு பெர்சி வில்சன், ஈரத்தால் கழுவி அந்த ஈரத்தை உறிஞ்சி எடுக்கும் முறையை வகுத்தார். அதை இயந்திரமாக்கியவர் கீத் மாங்க்ஸ், பி.பி.சி. அதைப் பயன்படுத்தியது. அந்த இயந்திரத்தில் எனக்குப் பிடித்த விஷயம், உறிஞ்சுகுழாயின் வாய்க்கும் தட்டுக்கும் இடையே ஓடும் நூல். ஒவ்வொரு கணமும் புது நூல் வந்துகொண்டிருக்கும். ஒரு தட்டின் அழுக்கு திரும்ப அதே தட்டுக்கு வராது. இந்தத் துறையின் முழு அறிவும் அந்த நூலில் இருக்கிறது என்பேன். அழுக்கைக் கரைத்தால் மட்டும் போதாது, கரைந்த அழுக்கைத் தட்டைவிட்டு வெளியே எடுக்க வேண்டும். எடுக்காமல் உலரவிட்டால் அது பள்ளத்தின் அடியில் சேறாகி இறுகிவிடும்.

வீட்டில் எப்படிச் செய்வது? காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும். கிணற்றுத் தண்ணீரும், போர் தண்ணீரும், லாரித் தண்ணீரும் உப்பு. உலர்ந்ததும் அந்த உப்பு பள்ளத்தில் படிகமாக உட்காரும். ஆர்.ஓ. தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் மணம், நிறம், கண்டிஷனர் சேராத நனைப்பான் சில துளி. புகைப்படச் சுருள் கழுவும் இருட்டறையில் பயன்படுத்தும் போட்டோ-ஃப்ளோ போன்றது போதும். நனைப்பான் இல்லாத வெறும் தண்ணீர் வினைல் மேல் முத்து முத்தாக நின்றுவிடும், பள்ளத்துக்குள் இறங்காது. பாத்திரம் தேய்க்கும் திரவத்தை நான் பரிந்துரைப்பதில்லை. அதில் கைக்கு மென்மை தரவென்று சேர்த்தவையெல்லாம் தட்டில் தங்கிவிடும்.

முதலில் உலர்ந்த நிலையிலேயே மேலாக உள்ள தூசியைக் கார்பன் இழைத் தூரிகையால் அழுத்தாமல் வாரி எடுங்கள். லேபிளை மூடிக்கொள்ளுங்கள்; நனைந்தால் சாயம் ஓடும். திரவத்தை ஊற்றி, மெல்லிய மயிர்களுள்ள தூரிகையைப் பள்ளம் போகும் போக்கிலேயே சுற்றிச் செலுத்துங்கள். குறுக்கே இழுக்கவே கூடாது. பூசணம் இருந்தால் சில நிமிடம் ஊறட்டும். கருந்தட்டின் மேல் திரவம் மெல்லச் சாம்பல் நிறமாவதை நீங்களே பார்ப்பீர்கள். அது தட்டின் கறுப்பு அல்ல, வருடக்கணக்கான ஊதுவத்திப் புகையும் புழுதியும். உறிஞ்சும் இயந்திரம் இருந்தால் உறிஞ்சுங்கள். இல்லாவிட்டால் வேறு சுத்தமான துணியால் ஒற்றியெடுத்து, நனைப்பான் இல்லாத வடிநீரால் இரண்டு முறை அலசுங்கள். நிறுத்தி வைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். உலர்ந்த தட்டைப் பழைய உறையிலேயே திரும்பப் போட்டால் செய்த வேலை வீண். புதிய பாலித்தீன் உள்ளுறை போடுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம். அதை மிருதுவாக்கச் சேர்க்கும் பொருள் மெல்லத் தட்டுக்கு இறங்கி மூடுபனிபோல் படியும்.

மரவேலைப் பசையைத் தட்டில் பரப்பி, உலர்ந்ததும் உரித்தெடுக்கும் முறை பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். வினைலில் அது அழுக்கை எடுப்பது உண்மைதான். ஆனால் படலம் நடுவில் கிழிந்து ஒரு துண்டு பள்ளத்தில் தங்கினால் பெரும் பாடு. அரக்குத் தட்டில் இதைச் செய்யவே கூடாது.

இனி மசகு. இங்கே நான் கொஞ்சம் அழுத்தமாகப் பேசப் போகிறேன். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் தட்டு புதிதுபோல் ஆகும் என்று சொல்பவர்களை இன்றும் சந்திக்கிறேன். சிலிகோன் ஸ்பிரே அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அடித்த அன்று சத்தம் குறைவது நிஜம். எண்ணெய் துகள்களை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது, முள்ளின் அதிர்வையும் மழுக்குகிறது. அடுத்த வாரம் அந்த எண்ணெயில் புதுத் தூசி ஒட்டும். மோட்டார் மெக்கானிக் வால்வை இழைக்கக் கிரைண்டிங் பேஸ்ட் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது என்ன? கொழுப்பில் குழைத்த கடினமான தூள். எண்ணெய் பூசிய தட்டின் பள்ளத்தில் நாமே அந்தப் பேஸ்டைத் தயாரித்து, வைரத்தால் தேய்க்கிறோம். தேங்காய் எண்ணெய் அதற்கு மேல் பூசணத்துக்கு விருந்தும் வைக்கிறது.

ஆனால் மசகு என்ற யோசனையே முட்டாள்தனம் என்று நான் சொல்லவில்லை. உராய்வு குறைந்தால் தேய்மானம் குறையும் என்பது இயந்திரவியலின் பாலபாடம். தட்டு செய்பவர்களுக்கும் அது தெரியும். வினைல் கலவையிலேயே மெழுகுபோன்ற மசகுப் பொருள் சிறிதளவு சேர்க்கிறார்கள், அச்சில் ஒட்டாமல் எளிதாக ஓடுவதற்காக. புதுத் தட்டின் மேல் காணும் மெல்லிய படிவை அச்சில் தெளித்த எண்ணெய் என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் கலவையிலிருந்தே வெளிவந்தது.

1970களில் அமெரிக்காவில் இதை உண்மையான அறிவியலோடு அணுகிய முயற்சிகள் வந்தன. அப்போது விண்வெளிக் கருவிகளும் செய்துவந்த பால் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம், வெற்றிடத்தில் சுழலும் தாங்கிகளுக்காக உருவாக்கிய உலர் மசகின் அனுபவத்தைக் கொண்டு 1976இல் 'சவுண்ட் கார்ட்' என்ற தெளிப்பானை விற்றது. தெளித்து, மென்மையான திண்டால் தேய்த்தால் மிக மெல்லிய உலர்ந்த படலம் நிற்கும். பிறகு கலிஃபோர்னியாவின் லிவர்மோரிலிருந்து 'லாஸ்ட்' வந்தது. அது ஃப்ளோரின் சேர்மங்களைக் கொண்டது. தட்டு உலர்ந்த பிறகு மேலே எண்ணெய் தெரியாது. இவை தேங்காய் எண்ணெய் வகையைச் சேர்ந்தவை அல்ல. தூசியைப் பிடிக்காத, ஈரமில்லாத படலங்கள். இவற்றை ஆதரிப்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது, காதால் கேட்டு மெச்சியவர்களும் உண்டு. ஆனால் இவற்றைத் தயாரித்தவர்களே முதலில் சொன்னது, சுத்தமான தட்டில்தான் போட வேண்டும் என்று. அழுக்குத் தட்டில் போட்டால் அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். அளவுக்கு மேல் தெளித்த தட்டில் முள் நுனியில் வெண்பொடி திரண்டு நிற்பதை நான் உருப்பெருக்கியில் பார்த்திருக்கிறேன். அந்தப் பொடியோடு ஓடும் முள் பள்ளத்தில் சரியாக உட்காராது.

என் முடிவைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். கடையில் இன்றும் புதிதாகக் கிடைக்கும் தட்டு, நீங்கள் வாரந்தோறும் கேட்பது என்றால், கழுவி உலர்த்திய பிறகு உலர் மசகை மிக மெல்லியதாகப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மறுபிரதி கிடைக்காத தட்டில் போடாதீர்கள். 1930களின் ஒரு நாடகப் பாட்டுத் தட்டு, ஒரு கிராமத்துத் தவில் வித்வானின் ஒரே பதிவு, இவற்றில் பலவற்றுக்கு மூல அச்சு எங்கே என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. உங்கள் அலமாரியில் இருப்பதே மூலம். அதன் மேல் ஒரு பொருளைப் போட்டால், நாளைக்கு அதை முழுதாக நீக்க முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. நீக்க முடியும் என்று உறுதியாகத் தெரியாத எதையும் போடக் கூடாது. ஆவணக் காப்பகங்கள் சுத்தம் செய்தபின் எதுவும் மிஞ்சக் கூடாது என்று வற்புறுத்துவது இதனால்தான். பத்து வருடம் கழித்து இன்னும் நல்ல கருவி ஒன்று வரும், அது ஒரு சுத்தமான பள்ளச் சுவரை எதிர்பார்க்கும்.

தட்டை ஈரமாகவே ஓட்டும் பழக்கமும் ஒன்று இருந்தது. லென்கோ நிறுவனம் முள்ளுக்கு முன்னால் ஈரம் விட்டுக்கொண்டே போகும் ஒரு கையை விற்றது. கேட்க அமைதியாகத்தான் இருக்கும். பிறகு அதே தட்டை உலர்வாக ஓட்டிப் பாருங்கள், முன்பைவிடச் சடசடக்கும். கரைந்த அழுக்கு வெளியே போகாமல் அங்கேயே உலர்ந்திருக்கும்.

மசகுக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தை முள்ளுக்குச் செலவழியுங்கள் என்பேன். நம் வீடுகளில் பெருவழக்காக இருந்த எச்.எம்.வி. ஃபீஸ்டா போன்ற பெட்டிகளில் செராமிக் கார்ட்ரிட்ஜ், பல கிராம் எடை, பெரும்பாலும் நீலக்கல் முள். நீலக்கல் முள் 50 மணி நேரத்துக்குள் தேய்ந்து நுனியில் தட்டையாகிவிடும். நுனியின் இரு பக்கமும் அப்படித் தட்டையானால் விளிம்புகள் கூராகும்; அது முள் அல்ல, உளி. சுப்ரபாதத்தை இழைத்தது அந்த உளிதான். வைர முள் 500 மணி அளவுக்கு நிற்கும், அதற்குப் பிறகு பார்த்து மாற்ற வேண்டும். எடையைக் குறைத்தால் தட்டு பிழைக்கும் என்றும் நினைக்காதீர்கள். தயாரிப்பாளர் சொன்னதற்கும் கீழே குறைத்தால் முள் உரத்த இடங்களில் சுவரைவிட்டு எழும்பி எழும்பி விழும். அந்த அடி அழுத்தத்தைவிட மோசம். ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் முள் நுனியைச் சிறு தூரிகையால் பின்னிருந்து முன்னாக ஒரு முறை வருடிவிடுங்கள். எதிர்த்திசையில் தள்ளினால் முள்தண்டு வளைந்துவிடும்.

பேச்சு இவ்வளவுதான். நீங்கள் கொண்டுவந்த தட்டுகளைச் சுத்தம் செய்து பார்க்க மேசைகளைப் போட்டிருக்கிறார்கள். வினைல் கொண்டுவந்தவர்கள் வலப்பக்க மேசைக்கு வாருங்கள், 78 கொண்டுவந்தவர்கள் இடப்பக்கம். இரண்டு மேசைக்கும் தனித்தனித் தூரிகை, தனித்தனித் தண்ணீர். மாற்றி எடுத்துவிட வேண்டாம். விரிசல் விட்ட அரக்குத் தட்டு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதை நனைக்காமலே பார்ப்போம்.